குசினிக் கடிதங்கள்: ஒரு வீட்டில் இரண்டு உலை எதற்கு?

சென்ற இதழில் வேறு எதையோ எழுதும்போது, பாணையும் சீனியையும் கோதுமை மாவையும் விட்டு மூன்று வருடமாகிறது, பேலியோ (தானியம், பருப்பு, சீனி இல்லாத 'கற்கால' உணவுமுறை) என்று தொடங்கி இப்போது என் பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் உங்களுக்கு என்ன விசரா என்று கேட்கிறார்கள். இரண்டு பகுதிக்கும் இந்த முறை இடம் உண்டு. நான் டொக்டர் இல்லை, சமைக்கிறவள், அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அக்கா, எனக்கு 38 வயது, படிப்பிக்கிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. பேலியோ தொடங்க ஆசை. ஆனால் வீட்டில் அவர், இரண்டு பிள்ளைகள், மாமி. மாமிக்கு மூன்று நேரமும் சோறோ பிட்டோ வேண்டும். ஏழு மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டிய நான் எனக்கொரு சமையல், அவர்களுக்கொரு சமையல் என்று எப்படிச் செய்வது? (களுவாஞ்சிக்குடி)

செய்யவே வேண்டாம் தங்கச்சி. இரண்டு சமையல் செய்யத் தொடங்கினால் மூன்றாவது கிழமை களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். ஒரு அடுப்பில் அவர்களுக்கு இடியப்பம், மற்ற அடுப்பில் எனக்குப் பூக்கோவாவைச் சுரண்டிச் 'சோறு'. நுவரெலியாவில் இருந்து லொறியில் வதங்கி வந்த பூக்கோவாவைக் கொள்ளை விலைக்கு வாங்கி, அதைச் சோறு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நம்முடைய சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். சோறு ஒரு பானை. மற்றதெல்லாம் கறி: மீன், சொதி, ஒரு கீரைச் சுண்டல், கத்தரிக்காயோ பயற்றங்காயோ வைத்த ஒரு பால்கறி. அந்தப் பானையை மட்டும் உங்கள் கோப்பையில் இருந்து தள்ளி வைத்தால் மீதி முழுவதும் பேலியோதான், பருப்புக்கறி ஒன்றைத் தவிர. ஒரே சமையல், ஒரே மேசை. பிள்ளைகளும் மாமியும் சோற்றோடு சாப்பிடட்டும், நீங்கள் சோறு இல்லாமலோ இரண்டு கரண்டியோடோ சாப்பிடுங்கள். கோப்பை நிறையப் போடுகிற சோறு 300 கிராம் வரும், அதில் மாச்சத்து மட்டும் 80 கிராமுக்கு மேல். அதுதான் குறைகிறது.

ஆனால் இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாம் கறி வைப்பது சோற்றை இறக்குவதற்காக. அதனால்தான் நம்முடைய கறிகளில் உறைப்பும் உப்பும் புளியும் அவ்வளவு தூக்கல், இரண்டு கரண்டிக் குழம்பு ஒரு கோப்பைச் சோற்றுக்குப் போதுமாக இருக்க வேண்டும் அல்லவா? அதே கறியைச் சோறு இல்லாமல் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வயிறு எரியும், இரவு முழுக்கத் தாகம். ஆகவே கொச்சிக்காய்த் தூளைப் பாதியாக்குங்கள், புளியைக் குறையுங்கள், தேங்காய்ப்பாலைக் கூட்டுங்கள். உறைப்புப் போதாது என்கிற மாமிக்கு ஒரு கட்டச் சம்பல் தனியாக இடித்து வைத்தால் சரி.

காலை ஏழு மணிக்கு இறங்குகிறவருக்கு நான் சொல்வது கீரிமீன் சொதிதான். கரைவலை இழுத்த அன்று மலிவாகக் கிடைக்கும் அரைக் கிலோ கீரியை முதல் நாள் இரவே வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் குளிரூட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் ஒரு தேங்காய் திருவி, முதல்பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ரெண்டாம் பாலில் சின்ன வெங்காயம் ஒரு பிடி, உள்ளி நாலைந்து பல், கீறிய பச்சைக் கொச்சிக்காய் 3, அரைக் கரண்டி வெந்தயம், ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் போட்டுக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் மீனைப் போடுங்கள், ஏழெட்டு நிமிடம் போதும், கரண்டியால் கிண்ட வேண்டாம், சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். கடைசியாக முதல்பால். அது ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரைந்துவிடும், ஓரத்தில் நுரை கட்டுகிறபோதே இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான், அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைக்கும். பிள்ளைகள் இடியப்பத்துக்கு விட்டுக்கொள்வார்கள். நீங்கள் ஒரு பெரிய கிண்ணத்தில் மீனோடு எடுத்து, பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் இடைவேளை மணிக்கு பணிஸ் தேட மாட்டீர்கள்.

வீட்டாருக்கு எதை மாற்றலாம் என்றால், சோற்றை அல்ல, மற்றதை. பிஸ்கட், சீனி, நூடில்ஸ், போத்தல் குளிர்பானம். மூன்று தேநீர், தலா மூன்று கரண்டி சீனி என்றால் ஒரு நாளைக்கு 9 கரண்டி, 35 கிராமுக்குக் குறையாது. சேர்க்கிற சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் மாமியின் தேநீரில் ஒவ்வொரு கிழமையும் அரைக் கரண்டி குறைத்துக் குறைத்து ஒரு கரண்டிக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் கிழமை கண்டுபிடித்துவிட்டா. "சீனி முடிஞ்சிட்டா புள்ள?" என்றா. ஓம் மாமி என்றேன்.

ஆதி மனிதன் என்ன சாப்பிட்டான் என்று யார் கண்டது? இது வெளிநாட்டான் புத்தகம் விற்கச் செய்த வியாபாரம். நமது மாவட்டமே நெல் மாவட்டம், இங்கே சோறு சாப்பிடாதே என்று எழுதுவது சரியா? (அக்கரைப்பற்று, பல்கலைக்கழக மாணவர்)

தம்பி, பாதிக்கு நானும் உங்கள் பக்கம்.

வெளிநாட்டான் என்பது சரி. 1975 இல் வோல்ட்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வைத்தியர் கற்கால உணவு என்று ஒரு புத்தகம் எழுதினார், பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1985 இல் ஈட்டன், கொன்னர் என்ற இருவர் பேர்போன அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை எழுதியபோதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு 2002 இல் லோரன் கோர்டெயினின் புத்தகம், அதிலிருந்துதான் பேலியோ என்ற பெயர் உலகமெல்லாம் போனது. அவருடைய கணக்கில் தானியம், பருப்பு, சீனி மட்டுமில்லை, பாலும் தயிரும்கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் பரவி நமக்கு வந்து சேர்ந்த பேலியோவில் நெய்யும் வெண்ணெயும் பனீரும் தாராளம், அது மாச்சத்தைக் குறைக்கிற உணவுமுறை. பெயர் ஒன்று, சாமான் வேறு. உங்களோடு யாராவது பேலியோ பற்றிச் சண்டை பிடித்தால் முதலில் எந்தப் பேலியோ என்று கேளுங்கள்.

ஆதி மனிதன் விஷயத்துக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. களுத்துறை மாவட்டத்தில் பாஹியன் குகை இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டார்கள்: ஏறக்குறைய 45,000 வருடத்துக்கு முன் அங்கே இருந்தவர்கள் குரங்கையும் பெரிய மர அணிலையும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள். அப்படியென்றால் இலங்கைப் பேலியோ என்பது குரங்குக் கறி! இன்னொரு பக்கம், இஸ்ரேலில் ஓகாலோ என்ற இடத்தில் 23,000 வருடப் பழைய குடியிருப்பில் காட்டு வாற்கோதுமையைக் கல்லில் அரைத்த அடையாளம் கிடைத்திருக்கிறது, விவசாயம் வருவதற்கு 10,000 வருடத்துக்கு மேல் முன்பே. ஆகவே ஆதி மனிதன் தானியத்தைத் தொட்டதே இல்லை என்பது கதை. எது கிடைத்ததோ அதைச் சாப்பிட்டான். வாகரைப் பக்கம் கரையோர வேடர் குடும்பங்களில் வயது போனவர்களைக் கேட்டால் காட்டுக் கிழங்கும் தேனும் மீனும் உடும்பும் என்றுதான் சொல்வார்கள், அதில் கிழங்கும் தேனும் மாச்சத்தும் சீனியும்தானே?

அதனால் நான் கற்கால மனிதனுக்காக இதைச் செய்யவில்லை. பார்த்தவுடன் இது மீன், இது கீரை, இது முட்டை என்று சொல்லக்கூடியதை வாங்கிச் சமைக்கிறேன், அவ்வளவுதான். சோறு சாப்பிடாதே என்றும் நான் எழுதவில்லை. வயலில் நாள் முழுக்க நிற்கிறவர் சோறு சாப்பிடட்டும், கதிரையில் இருந்து எழுதுகிற எனக்கு அவ்வளவு தேவையில்லை. கோபப்படுவதென்றால் கோதுமை மாவோடு கோபப்படுங்கள். இந்த நாட்டில் விளையாத தானியம், கப்பலில் வந்து திருகோணமலையில் அரைபட்டு, நெல் மாவட்டத்தின் ஒவ்வொரு சந்தியிலும் பாணும் ரோல்ஸும் கொத்துமாக விற்கிறது.

பேலியோ என்றால் தினமும் 100 பாதாம், வெண்ணெய், ஒலிவ் எண்ணெய் என்கிறார்கள். என் கணவர் கடற்றொழில். எங்களுக்கு இது கட்டுமா? (வாழைச்சேனை)

உங்கள் வீட்டில் மீன் கூடை இறங்குகிறது, நீங்கள் பாதாம் கேட்கிறீர்கள்! நாங்கள் காசு கொடுத்து வாங்குகிற சாமான் உங்கள் வாசலில் கிடக்கிறது.

பாதாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. கொழுப்புக்கு நமக்குத் தேங்காய் இருக்கிறது, விலை ஏறின நாட்களில்கூட ஒரு தேங்காயில் பாலும் எடுத்து, பூவைச் சுண்டலுக்கும் போடலாம். கஜுவை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள், நம்முடைய மண்ணின் சாமான்தான், ஆனால் 100 கிராமில் 30 கிராம் மாச்சத்து, கை வைத்தால் நிற்காது. புரதத்துக்குப் பெரிய மீனைத் தேட வேண்டாம். அறுக்குளாவை விற்றுவிட்டு நெத்தலி, சூடை, சாளையை வீட்டுக்கு வையுங்கள். எலும்போடு சாப்பிடுகிற சின்ன மீனில்தான் கல்சியம் இருக்கிறது, பால்மாவை நிறுத்தினவர்களுக்கு அது வேண்டும்.

கூனி இருக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாவிக் கூனி ஒரு கைபிடி, நாலைந்து தண்ணீரில் அலசி மண் போக்கி, வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் வதக்கிய தாச்சியில் போட்டு, தண்ணீர் வற்றி வாசம் வந்ததும் பொடியாக அரிந்த முருங்கையிலையை அள்ளிப் போட்டு இரண்டு பிரட்டு, மேலே தேங்காய்ப்பூ. பத்து நிமிட வேலை. என் பெத்தா இதைச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை வைப்பா, நான் ஒரு கோப்பை வைத்துக்கொள்கிறேன். காய்ந்த கூனியும் கருவாடும் மாதக் கடைசிக்கு உதவும், ஆனால் உப்பு அதிகம், ஊறப்போட்டுக் கழுவாமல் போட வேண்டாம்.

கோழி ஈரல் மலிவு, சத்தும் அதிகம், கிழமைக்கு ஒரு தரம் போதும் (கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கட்டும், விற்றமின் ஏ கூடிவிடும்). செலவுக் கணக்குப் பார்க்கிறவர்கள் முட்டையின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். நிறுத்திய பாண், பிஸ்கட், சீனி, பால்மா, பின்னேரத்து ரோல்ஸ் இவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எனக்கு முதல் மாதம் கொஞ்சம் கூடத்தான் போனது. பழகினபிறகு சமமாக வந்தது.

எனக்கு 56 வயது, சீனி வருத்தம் 11 வருடம். காலையும் இரவும் குளிசை, இரவில் ஊசி. பேலியோவில் குளிசை எல்லாம் விடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நாளைக்கே தொடங்கலாமா? (கல்முனை)

வேண்டாம் அண்ணன், நாளைக்குத் தொடங்க வேண்டாம். முதலில் கிளினிக்.

சோற்றைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி குறையும், அது உண்மை. உண்மை என்பதால்தான் பயம். உங்கள் ஊசியும் குளிசையும் நீங்கள் சாப்பிடுகிற மூன்று கோப்பைச் சோற்றுக்கு அளந்து தந்தது. சோறு இல்லை, மருந்து அதே அளவு என்றால் சீனி தரைக்குப் போய்விடும். இன்சுலினும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், தொல்பூட்டமைட் போன்ற குளிசைகளும் அப்படி இறக்கக்கூடியவை. மெட்ஃபோமின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் போன்ற புதுக் குளிசைகள் வேறு வகை, அவற்றோடு மாச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் சீனி அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகலாம். பிரஷர் குளிசை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும், பிரஷர் இறங்கித் தலை சுற்றும். சிறுநீரகத்தில் பழுது இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும், இருந்தால் இறைச்சியும் மீனும் இஷ்டத்துக்கு இல்லை.

ஆகவே குளிசைப் பெட்டிகளை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய், நான் சோற்றைப் பாதியாக்கப் போகிறேன், மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். பேலியோ என்ற சொல்லைச் சொன்னால் சில டொக்டர்மார் ஏசுவார்கள், சோற்றைக் குறைக்கிறேன் என்றால் சந்தோஷப்படுவார்கள். வீட்டில் சீனி பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, திடீர்ப் பசி வந்தால், மெஷின் 70 க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அந்த நேரத்தில் பேலியோவாவது ஒன்றாவது.

நண்பருக்குக் குளிசை குறைந்திருக்கலாம். குறைத்தது யார் என்று கேளுங்கள். தானாகக் குறைத்தவர் என்றால் அவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

தொடங்கி ஐந்து நாள். தலை இடிக்கிறது, எழும்பினால் கண் இருட்டுகிறது, கக்கூசும் போகவில்லை. ஆனால் இரண்டரைக் கிலோ குறைந்துவிட்டது! (ஆரையம்பதி)

குறைந்தது தண்ணீர் தங்கச்சி, கொழுப்பு இல்லை. உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாச்சத்து ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும், கூடவே உப்பும் போகும். தலையிடிக்குக் காரணம் அதுதான்.

எனக்கு இது பஸ் நிறுத்தத்தில் நடந்தது. வைகாசி மாதம், கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, நாலாவது நாள். பேலியோ என்றால் உப்பும் குறைக்க வேண்டுமாக்கும் என்று நானாக முடிவெடுத்து முட்டையைக்கூட உப்பில்லாமல் தின்றுகொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே கால் மடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு ராத்தா பிடித்து இருத்தி, கடையில் சோடா வாங்கித் தந்தா. குடித்தேன், சீனியோ கூனியோ என்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் மாமி வாசலில்: "சோறு தின்னாமத் திரியிறாய், என்ன புள்ள நேர்த்தியா?"

பிரஷர், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் என்றால் தேசிக்காய்த் தண்ணீரில் கால் கரண்டி உப்புப் போட்டு வெயில் நேரத்தில் குடியுங்கள், அயடீன் உப்பாகவே இருக்கட்டும். மற்றப் பிரச்சினைக்குக் கீரை. மீனும் முட்டையும் மட்டும் சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும். மத்தியானக் கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும் இருக்கட்டும், வல்லாரைச் சம்பல், பொன்னாங்கண்ணிச் சுண்டல், அவித்த வெண்டிக்காய். ஒரு கிழமைக்குப் பிறகும் கண் இருட்டினால் டொக்டரிடம் போங்கள், எனக்கு எழுத வேண்டாம்.

நோன்பு காலத்தில் எப்படி? நோன்புக் கஞ்சி இல்லாமல் நோன்பு திறக்க மனம் வராது, பிள்ளைகளுக்குக் கட்லட், சமூசாவும் வேண்டும். (சாய்ந்தமருது)

மனம் வராது என்றால் ஏன் விட வேண்டும் ராத்தா? மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. கஞ்சியில் அரிசியைக் குறைத்து இறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் கூட்டினால் அதுவே நல்ல சாப்பாடு. பிரச்சினை கஞ்சியில் இல்லை, அதற்குப் பிறகு வருகிற எண்ணெய்ப் பொரியலிலும் சீனிச் சர்பத்திலும்தான். கட்லட்டுக்குள் இருக்கிற மீனை அப்படியே உருண்டையாக, வெங்காயம் கொச்சிக்காய் போட்டு, ஒரு முட்டையில் பிசைந்து தாச்சியில் லேசாக எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள், ரஸ்க் தூள் தேவையில்லை. ஸஹருக்கு முட்டை, மீன், தயிர், கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு. நோன்பு மாதத்தில் மாச்சத்தை ஒரேயடியாக வெட்டுகிற சோதனை வேண்டாம். தொடங்குவதென்றால் பெருநாள் கழித்துத் தொடங்குங்கள், வட்டலப்பமும் முடிந்திருக்கும்.

கண்ணகி அம்மன் சடங்கு முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. பேலியோ முறிந்துவிடுமா? (கொக்கட்டிச்சோலை)

முறியட்டும். கோயில் கதவு திறந்து, கடைசியில் குளிர்த்தி பாடும்வரை எத்தனை நாள், ஒரு கிழமை பத்து நாள்தானே? மீன், முட்டை, பருப்பு மூன்றும் இல்லாமல் இருந்தால் புரதம் எங்கிருந்து வரும், அதனால் அந்த நாட்களில் நான் பயறும் பருப்பும் சாப்பிடுகிறேன், தயிரும். பச்சைக் கஜுக் கறி, ஈரப்பலாப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல் என்று ஒரு பஞ்சமும் இல்லை. கோயில் பொங்கலை வேண்டாம் என்று சொல்லி ஆச்சிமாரிடம் ஏச்சு வாங்கவும் நான் தயாரில்லை.

பிள்ளைகளுக்கும் பேலியோ கொடுக்கலாமா? மகனுக்கு 9 வயது, கொஞ்சம் குண்டு. பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பது? (கல்லடி)

வளர்கிற பிள்ளைக்கு மாச்சத்தை வெட்ட வேண்டாம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அதேதான். சோறு, கிழங்கு, பழம் எல்லாம் அவனுக்கு உண்டு, பக்கற்றில் வருகிறது மட்டும் வேண்டாம். அவனைத் தனியாக உட்கார வைத்து 'உனக்கு டயற்' என்று சொல்லாதீர்கள், குண்டு என்ற சொல்லையும் அவன் காதில் விழச் சொல்லாதீர்கள், வீடு முழுக்க மாறினால் அவனுக்கும் மாறும்.

சாப்பாட்டுப் பெட்டிக்கு: அவித்த வத்தாளங்கிழங்கு, அவித்த முட்டை, ஒரு கதலி வாழைப்பழம். இன்னொரு நாள் சிவப்பரிசி மாப் பிட்டு, பிட்டுக்குச் சரிபாதி தேங்காய்ப்பூ, நடுவில் மீன் துவையல். இன்னொரு நாள் மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும். மரவள்ளியைத் தோலைத் தடிப்பாகச் சீவி, மூடாமல் அவிக்க வேண்டும் என்று பெத்தாமார் சொன்னது சும்மா இல்லை. அந்தக் கிழங்கில் சயனைட் உண்டாக்குகிற ஒரு பொருள் இருக்கிறது, தோலில் இன்னும் அதிகம், அவிக்கும்போது அது ஆவியாகப் போக வேண்டும். நீலம் பாய்ந்த கிழங்கை எறிந்துவிடுங்கள். மகன் முதல் கிழமை பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவருவான். எங்கள் வீட்டில் முட்டையை மட்டும் தின்றுவிட்டுக் கிழங்கைக் கூட்டாளியின் பணிஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தது ஒரு மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட்டாளியின் தாய் என்னைக் கண்டு, கிழங்கு எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டா!

சின்னக் கேள்விகள்

கச்சான் கடலை சாப்பிடலாமா? (செட்டிபாளையம்) - அது பருப்பு வகை, கண்டிப்பான பேலியோவில் இல்லை. நான் தேர் பார்க்கப் போனால் ஒரு சுருள் வாங்குவேன்.

தேங்காய்ப்பால் கொழுப்பைக் கூட்டாதா? (திருக்கோவில்) - சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுகிறது, எனக்கு ஏறவில்லை, என் தங்கைக்கு ஏறியது. தொடங்க முன்பும் மூன்று மாதம் கழித்தும் இரத்தம் சோதியுங்கள். ஏறினால் பாலைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள்.

இது வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பா? (ஏறாவூர்) - நிறையும் இடுப்பும் குறைகிறது என்று காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் சில மாதம், கூடினால் இரண்டு வருடம். அதற்கு மேல் யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எருமைத் தயிர்? (அம்பாறை) - புத்தகம் எழுதியவர் வேண்டாம் என்கிறார், அவர் நம்முடைய தயிர் முட்டியைக் கண்டிருக்க மாட்டார். பால் ஒத்துவருகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். முட்டியை வாங்கும்போது பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற பாணிப் போத்தலைக் கடைக்காரர் தானாகவே எடுத்துப் பைக்குள் வைப்பார், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.